மேட்ச் பார்த்தே ஆட்டப் பாணியைப் படிப்பது: டேபிள் டென்னிஸ் ரசிகர்களும் ஆட்டக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிறைய மேட்ச் பார்க்கிறேன். முடிந்ததும் ஒன்றுமே மனசில் நிற்பதில்லை. ஏன்?

பந்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் காரணம். கண் பந்துக்குப் பின்னால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும்போது, இரண்டு ஆட்டக்காரர்களையும் பாதிப் பாதியாகத்தான் பார்க்கிறோம். அடித்தது தெரியும். அடித்த பிறகு எங்கே போய் நின்றார், அடுத்த பந்துக்கு எப்படித் தயாரானார் என்பது தெரியாது. பாணி இருப்பதோ அங்கேதான்.

ஒரு கேம் முழுக்க ஒருவரை மட்டும் பாருங்கள். பந்து எதிராளியிடம் போனாலும் கண் இவர் மேலேயே இருக்கட்டும். முதல் பத்துப் புள்ளிகள் எரிச்சலாகத்தான் இருக்கும், பிறகு பழகிவிடும். ஒவ்வொரு கேமுக்கும் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறுவது நமக்கு வசதி. முதல் கேமில் முதுகு காட்டி ஆடியவர் இரண்டாவது கேமில் கேமராவுக்கு முகம் காட்டுவார். முதுகுப் பக்கத்திலிருந்து கால், இடுப்பு, மேஜையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைப் பார்க்கலாம். முன்பக்கத்திலிருந்து பேட்டின் சாய்வு, முழங்கை, சர்வீஸில் பந்தைத் தொடும் இடம் ஆகியவற்றைப் பார்க்கலாம். எதை எந்தக் கேமில் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு உட்காருங்கள்.

பந்தை விட்டுவிட்டால் வேறு எதைப் பார்ப்பது?

மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, தூரம். மேஜையின் மொத்த நீளம் 2.74 மீட்டர், பாதி நீளம் 1.37 மீட்டர். திரையில் அந்தப் பாதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ரேலி நடக்கும்போது விளிம்பிலிருந்து பாதி நீளத்துக்கும் குறைவான தூரத்திலேயே நிற்பவர் மேஜையை ஒட்டி ஆடுபவர். ஒன்றிரண்டு பாதி தள்ளிப் போகிறவர் நடுத்தூர ஆட்டக்காரர். அதற்கும் பின்னால் போய் நிம்மதியாக ஆடுகிறவர் தடுப்பாட்டக்காரர், இல்லையென்றால் தூரத்திலிருந்தே சுழற்றி அடிப்பவர். ஒரு எச்சரிக்கை: கேமரா பின்னாலிருந்து உயரத்தில் இருப்பதால் ஆழம் சுருங்கித் தெரியும். எதிர்ப்பக்கம் இருப்பவர் உண்மையில் நிற்பதைவிட மேஜைக்கு நெருக்கமாக நிற்பதுபோல் தோன்றும்.

இரண்டாவது, அடித்த பிறகு திரும்பும் இடம். பேக்ஹேண்ட் மூலைக்குச் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டால் அடித்தவர் மேஜையின் நடுவுக்குத் திரும்புகிறாரா, அந்த மூலையிலேயே இருந்துவிடுகிறாரா? அங்கேயே இருக்கிறவர் அடுத்ததையும் ஃபோர்ஹேண்டால் அடிக்கத் திட்டமிட்டிருக்கிறார். நடுவுக்கு வருகிறவர் இரண்டு பக்கமும் ஆடத் தயாராக இருக்கிறார்.

மூன்றாவது, முழங்கை. ஷேக்ஹேண்ட் பிடியில் (கை குலுக்குவதுபோல் பேட்டைப் பிடிப்பது) ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று தடுமாறும் இடம் அடிக்கும் கையின் முழங்கைக்கு நேராக இருக்கிறது. உயர்மட்ட ஆட்டத்தில் எவ்வளவோ பந்துகள் மூலைக்குப் போகாமல் நேராக உடம்புக்கு வருவது இதனால்தான். அந்தப் பந்தை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். பக்கவாட்டில் ஒரு காலை நகர்த்தி ஃபோர்ஹேண்டுக்கு இடம் உண்டாக்குகிறாரா, முழங்கையை முன்னே தள்ளி பேக்ஹேண்டால் எடுக்கிறாரா? பாணியைப் பிரித்துக்காட்டும் மிகத் தெளிவான அடையாளம் இதுதான்.

எந்தப் பாணிக்கு யாரைப் பார்க்கலாம்?

இரண்டு பக்கமும் சமபலத்துடன் மேஜைக்கு நெருக்கமாகத் தாக்கும் இன்றைய பாணிக்கு ஃபான் ஜென்டாங், சுன் யிங்ஷா. ஃபோர்ஹேண்டை மையமாக வைத்த முழுமையான ஆட்டத்துக்கு மா லோங். 2016 ரியோ, டோக்கியோ (2021இல் நடந்தது) என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் ஒற்றையர் தங்கம் வென்றவர். மேஜையை ஒட்டி நின்று பந்து எழும்பும்போதே பேக்ஹேண்டால் எடுப்பதற்கு ஹரிமோட்டோ டோமோகாசு. சற்றுத் தள்ளி நின்று வெடிப்பதுபோல் அடிப்பதற்கு 2025 உலகக் கோப்பையை வென்ற பிரேசிலின் ஹூகோ கால்டெரானோ. பேக்ஹேண்ட் பக்கம் ஷார்ட் பிம்பிள்ஸ் (குட்டை முட்கள் உள்ள) ரப்பருடன் விரைந்து அடிக்கும் பாணிக்கு இட்டோ மீமா. வேகத்தை மாற்றி மாற்றி எதிராளியின் தாளத்தைக் குலைப்பதற்கு ஸ்வீடனின் ட்ரூல்ஸ் மோரேகார்ட்.

முதலில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மூன்று விதமான எதிராளிகளுடன் அவர் ஆடிய மூன்று மேட்ச்களைப் பாருங்கள்: ஒரு இடதுகை ஆட்டக்காரர், ஒரு தடுப்பாட்டக்காரர், தன்னைப் போலவே ஆடும் ஒருவர். மூன்றிலும் மாறாமல் இருப்பது அவருடைய பாணி. மாறுவது அந்த எதிராளிக்கான திட்டம். ஒரே மேட்ச்சை வைத்து முடிவுசெய்தால் இரண்டும் குழம்பிவிடும்.

சர்வீஸில் என்ன சுழற்சி என்று வீடியோவில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் சர்வீஸைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ரிசீவை, அதாவது எதிராளி அதைத் திருப்பி எடுப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரிசீவ் செய்பவர் பேட்டை மேல்நோக்கித் திறந்து தள்ளியும் பந்து நெட்டில் விழுந்தால் அது கனமான பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி). அதேபோல் தள்ளியபோது பந்து உயரமாக எழும்பினால் சுழற்சி இல்லாத பந்து, இல்லையென்றால் டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி). உலகத்தரத்தில் ஒரே கையசைவில் இந்த இரண்டையும் மாறிமாறிப் போடுவார்கள். தொட்ட பிறகு பேட் போகும் திசையைப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள், ஏமாற்றுவதற்கென்றே செய்யும் அசைவு அது. மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது பந்தின் மேலுள்ள அச்சு முத்திரை தெளிவாகத் தெரிந்தால் சுழற்சி இல்லை, கலங்கித் தெரிந்தால் சுழல்கிறது.

பக்கச்சுழற்சியைக் கவனிப்பதில் பலன் அதிகம். வலதுகை ஆட்டக்காரர் பேக்ஹேண்ட் மூலையில் நின்று ஊசல்போல் கையை உடம்பை நோக்கி வீசிப் போடும் பெண்டுலம் சர்வீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து வலதுகை எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம் வளையும். அவர் அதை வெறுமனே தொட்டால், சுழற்சியின் காரணமாக சர்வ் செய்தவரின் பேக்ஹேண்ட் பக்கமாகவே திரும்பி வரப் பார்க்கும். அவரோ ஏற்கெனவே அந்த மூலையில் ஃபோர்ஹேண்டுடன் காத்திருக்கிறார். கையை உடம்பிலிருந்து வெளியே வீசும் ரிவர்ஸ் பெண்டுலத்தில் எல்லாம் தலைகீழ், பந்து சர்வ் செய்தவரின் ஃபோர்ஹேண்ட் பக்கம் திரும்பி வரும். ஆக, சர்வீஸின் வகையைக் கண்டுபிடித்தாலே மூன்றாவது பந்தை (சர்வீஸ், ரிசீவுக்கு அடுத்து அவர் அடிப்பது) அவர் எங்கே எதிர்பார்க்கிறார் என்று சொல்லிவிடலாம்.

சர்வீஸ் குட்டையா நீளமா என்று திரையில் தெரியவில்லையே?

முதல் துள்ளலைப் பாருங்கள். நீளமான, வேகமான சர்வீஸ் தன் பக்க விளிம்புக்கு மிக அருகில் துள்ளும். குட்டை சர்வீஸ் தன் பக்கத்தின் உள்ளே தள்ளித் துள்ளும். அடுத்ததாக ரிசீவ் செய்பவரின் கையைப் பாருங்கள். மேஜைக்கு மேலே கை நீட்டி எடுத்தால் குட்டை, விளிம்புக்கு வெளியே பந்து வரும்வரை காத்திருந்து சுழற்றினால் நீளம்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. விட்டுவிட்டால் இரண்டாவது துள்ளல் விளிம்பிலேயோ அதைத் தாண்டி ஒரு சில சென்டிமீட்டரிலோ விழக்கூடிய அரைநீளப் பந்து. லூப் (டாப்ஸ்பின் கொடுத்துச் சுழற்றி அடிப்பது) அடிக்கலாமா, தொடலாமா என்று ரிசீவ் செய்பவர் ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கம் தெரிந்தால் அரைநீளம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் புள்ளிகளில் இது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

குறிப்பு எடுக்க வேண்டுமா? எப்படி எடுப்பது?

கட்டாயம் எடுங்கள், ஆனால் சுருக்கமாக. பெரும்பாலான புள்ளிகள் முதல் ஐந்தாறு அடிகளுக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகின்றன. அதனால் ஒரு புள்ளிக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு நான்கு கட்டம் போதும்: சர்வீஸ், ரிசீவ், மூன்றாவது பந்து, முடிவு.

நீளத்துக்கு கு, அ, நீ (குட்டை, அரைநீளம், நீளம்). இடத்துக்கு ஃபோ, ந, பே. ரிசீவுக்கு தொ (நெட்டுக்கு அருகில் தொட்டு வைப்பது), பு (புஷ், நீளமாகத் தள்ளுவது), ஃபி (ஃபிளிக், குட்டை பந்தை மணிக்கட்டால் வீசி அடிப்பது), லூ (லூப்). முடிவுக்கு ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி, பக்கத்தில் எத்தனையாவது அடியில் முடிந்தது என்ற எண்.

ஒரு வரி இப்படி இருக்கும்: கு-ந / பு-பே / ஃபோ லூ-ந / + 3. அதாவது, குட்டை சர்வீஸ் நடுவில் போட்டார், எதிராளி பேக்ஹேண்ட் மூலைக்கு நீளமாகத் தள்ளினார், இவர் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டால் எதிராளியின் உடம்புக்கு லூப் அடித்தார், அந்த அடியிலேயே புள்ளி கிடைத்தது.

மேட்ச் ஓடும்போதே எழுத முயன்றால் பாதி புள்ளிகள் தவறிப்போகும். பதிவான வீடியோவில் புள்ளி முடிந்ததும் நிறுத்தி எழுதுங்கள். 11-9 என்று முடியும் கேமில் 20 புள்ளிகள். ஆளுக்கு இரண்டு இரண்டாக சர்வீஸ் மாறுவதால் ஒருவருக்குப் பத்து சர்வீஸ்தான் கிடைக்கும். பத்தை வைத்துக்கொண்டு "இவர் எப்போதும் நடுவில்தான் போடுவார்" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு மேட்ச்சாவது எழுதிய பிறகு வரிகளைச் சர்வீஸ் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். அப்போதுதான் உண்மையான பழக்கம் வெளிப்படும்.

குட்டை பந்தை பேக்ஹேண்டால் வளைத்து அடிக்கிறார்களே, அதில் எதைக் கவனிப்பது?

பனானா ஃபிளிக் என்கிற சிக்கிட்டா. செக் நாட்டு பீட்டர் கோர்பெல் ஆடத் தொடங்கியதை, பிறகு ஷாங் ஜிகே பெரிய ஆயுதமாக மாற்றினார். இன்று ஏறத்தாழ எல்லோருடைய கையிலும் இருக்கிறது.

இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வலதுகை ஆட்டக்காரருக்கு ஃபோர்ஹேண்ட் பக்கம் குட்டை சர்வீஸ் வருகிறது. அவர் வலது காலை மேஜைக்கு அடியில் வைக்கிறார், உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவருகிறார், முழங்கை உயர்கிறது, மணிக்கட்டு வயிற்றை நோக்கி மடங்குகிறது, பேட்டின் நுனி தன்னையே பார்க்கிறது. பந்தின் பின்பக்கத்தையும் ஓரத்தையும் சேர்த்துத் தடவி முன்னே வீசுகிறார். பந்து வளைந்து போகிறது. இங்கே நிறுத்துங்கள். அவர் எங்கே நிற்கிறார்? ஃபோர்ஹேண்ட் பக்கம் உள்ளே. பேக்ஹேண்ட் மூலை முழுக்கக் காலி. எதிராளி அந்த மூலைக்கு ஆழமாக அடித்தால் அவர் இரண்டு பெரிய எட்டு பின்னாலும் இடதுபுறமும் போயாக வேண்டும்.

நல்ல சர்வர் இதைத் தெரிந்தேதான் அங்கே குட்டையாகப் போடுகிறார். ஃபிளிக் அருமை என்று கைதட்டுவதோடு விட்டுவிடாமல் மூன்றாவது, நான்காவது அடி எங்கே போகிறது என்று பாருங்கள். சில மேட்ச்களில் ஃபிளிக் அடித்தவர்தான் அந்தப் புள்ளியை இழந்துகொண்டே இருப்பார்.

பென்ஹோல்ட் பிடியைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஆண்கள் இறுதிப் போட்டியில் தொடங்குங்கள். தென் கொரியாவின் ரியூ சியுங்-மின் சீனாவின் வாங் ஹாவை 4-2 என்று வென்றார். இருவரும் பேனா பிடிப்பதுபோல் பேட்டைப் பிடிப்பவர்கள், ஆனால் ஆட்டம் இரண்டு உலகம். ரியூ பேட்டின் ஒரு முகத்தை மட்டும் பயன்படுத்துகிறார், பேக்ஹேண்ட் பக்கம் வருவதையும் ஓடிப்போய் ஃபோர்ஹேண்டாலேயே அடிக்கிறார். வாங் ஹா பேட்டின் பின்முகத்தில் பேக்ஹேண்ட் லூப் அடிக்கிறார். ரியூவின் கால்களை ஒரு கேம், வாங் ஹாவின் மணிக்கட்டை ஒரு கேம் என்று பிரித்துப் பாருங்கள்.

அடுத்து இன்றைய பிரான்ஸ் ஆட்டக்காரர் ஃபெலிக்ஸ் லெப்ரன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வென்றவர். பின்முக பேக்ஹேண்டை மேஜையை ஒட்டி எவ்வளவு வேகமாக ஆட முடியும் என்பதற்கு அவரே பாடம். பென்ஹோல்டில் மணிக்கட்டு சுதந்திரமாக இருப்பதால் சர்வீஸிலும் குட்டை பந்துகளிலும் கிடைக்கும் அனுகூலத்தையும் அவரிடம் பார்க்கலாம். இடதுகைப் பென்ஹோல்ட், தூரத்திலிருந்து வளைத்து அடிக்கும் ஃபோர்ஹேண்ட் என்றால் ஷு ஷின்.

இடதுகை ஆட்டக்காரர் வந்ததும் ஆட்டமே மாறிப்போவது ஏன்?

மூலைவிட்டக் கோடுகள் மாறுவதால். இரண்டு வலதுகையர் ஆடும்போது பேக்ஹேண்டும் பேக்ஹேண்டும் ஒரே மூலைவிட்டத்தில் சந்திக்கும். ஒருவர் இடதுகை என்றால் அவருடைய பேக்ஹேண்டுக்கு நேர் மூலைவிட்டத்தில் இருப்பது வலதுகையரின் ஃபோர்ஹேண்ட். அவர் தன் பேக்ஹேண்ட் மூலையிலிருந்து குட்டையாக, அகலமாகப் போடும் சர்வீஸ் எதிராளியை மேஜைக்கு வெளியே ஃபோர்ஹேண்ட் பக்கம் இழுத்துவிடும், அடுத்த பந்து மறுமூலைக்குப் போகும். டிமோ போலின் மேட்ச்களிலும் வாங் சுச்சின் மேட்ச்களிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

சாப் (பந்தை வெட்டி பேக்ஸ்பினாகத் திருப்புவது) ஆடுபவர்களும் லாங் பிம்பிள்ஸ் ஆடுபவர்களும் என்ன செய்கிறார்கள் என்றே புரியவில்லை.

பலரும் இங்கேதான் சேனலை மாற்றிவிடுகிறார்கள். உண்மையில் சுழற்சியைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது.

சாதாரண ரப்பர் பந்தைப் பிடித்துச் சுழற்சியை மாற்றும். நீண்ட முட்கள் உள்ள லாங் பிம்பிள்ஸ் பந்தை அவ்வளவாகப் பிடிப்பதில்லை, முட்கள் வளைந்து கொடுத்துவிடும். பந்து எந்தப் பக்கம் சுழன்றதோ ஏறத்தாழ அப்படியே சுழன்றுகொண்டு திசை மட்டும் திரும்புகிறது. முன்னே போகும்போது டாப்ஸ்பினாக இருந்த அதே சுழற்சி, திரும்பி வரும்போது பேக்ஸ்பின் ஆகிவிடுகிறது. ஆகவே, பலமாக லூப் அடித்தவருக்கே அதிகமான பேக்ஸ்பின் திரும்பி வரும். தானே அடித்த பலம் அடுத்த பந்தில் அவரை நெட்டில் மாட்டவைக்கிறது. அவர் பேக்ஸ்பினாகத் தள்ளினால் திரும்பி வருவது சுழற்சி செத்த பந்தோ லேசான டாப்ஸ்பினோ. மறுபடியும் தள்ளினால் எழும்பிவிடும்.

எந்தப் பக்கம் எந்த ரப்பர் என்பதை மேட்ச் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். விதிப்படி ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம். வழவழப்பான ரப்பர் விளக்கு வெளிச்சத்தில் மின்னும், முள் ரப்பர் மங்கலாக இருக்கும். ரேலிக்கு நடுவில் பேட்டைக் கைக்குள் சுழற்றிப் பக்கம் மாற்றுவார்கள். மணிகா பத்ரா மேஜையருகே நின்று இதைச் செய்வதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

தூரத்துத் தடுப்பாட்டத்துக்கு ஜூ சே-ஹ்யுக். 2003 பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகரிடம் தோற்றாலும், சாப் ஆடுபவர் ஃபோர்ஹேண்டால் தாக்கவும் முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர். அவர் பந்தைத் திருப்பி அனுப்புவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு சாப்பிலும் பேக்ஸ்பின் அளவைக் கூட்டிக் குறைக்கிறார். எதிராளியின் லூப் சற்று உயரமாகப் போவதும் நெட்டில் விழுவதும் மாறிமாறி நடந்தால் அதற்குக் காரணம் அதுதான்.

ஸ்லோமோஷன் எவ்வளவு உதவும்?

சர்வீஸுக்கும் பேட் கோணத்துக்கும் உதவும். கால் வேலைக்கு உதவாது, தாளம் போய்விடும். கால்களைச் சாதாரண வேகத்தில் பாருங்கள்.

பந்து பேட்டில் படும் கணத்தைப் பிடிக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் பந்து, நொடிக்கு 50 படங்கள் உள்ள வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. 25 படங்கள் என்றால் 80 சென்டிமீட்டர். தொடும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். தொடுவதற்கு முந்திய படத்திலும் பிந்திய படத்திலும் பேட் எங்கே இருந்தது என்று பார்த்து, நடுவில் நடந்ததை ஊகிக்க வேண்டியதுதான்.

பழைய மேட்ச்களைப் பார்ப்பது வீணா?

வீண் இல்லை. ஸ்வீடனின் யான்-ஓவே வால்ட்னரின் கையைப் பார்க்காமல் பந்து வைக்கும் நுட்பம் புரியாது. ஆனால் எந்த ஆண்டின் மேட்ச் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். 2000 ஒலிம்பிக்குக்குப் பிறகு பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2001இல் கேம் 21 புள்ளிகளிலிருந்து 11 ஆனது. 2002இல் சர்வீஸின்போது பந்தை மறைப்பது தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய வீடியோக்களில் எளிதாகத் தெரியும் சர்வீஸுக்குக்கூட ரிசீவ் செய்தவர் திணறினால் ஆச்சரியப்படாதீர்கள், அவர் பக்கத்திலிருந்து பந்து தொடும் இடமே தெரிந்திருக்காது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பிறகு ஸ்பீட் குளூ (ரப்பரின் வேகத்தைக் கூட்டப் பூசும் பசை) போனது, 2014இல் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி சற்றுக் குறைந்தது.

மேட்ச்சின் எந்தக் கட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும்?

டைம்அவுட்டுக்கு அடுத்த இரண்டு புள்ளிகளையும், 8-8க்கு மேல் வரும் புள்ளிகளையும். நம்பகமான சர்வீஸ் எது என்று அங்கே தெரிந்துவிடும். பின்தங்கியவர் என்ன மாற்றினார் என்பதும் முக்கியம். 2024 பாரிஸ் காலிறுதியில் ஹரிமோட்டோ முதல் இரண்டு கேம்களையும் எடுத்த பிறகு ஃபான் ஜென்டாங் 4-3 என்று மீண்டார். இறுதியில் மோரேகார்டிடம் முதல் கேமை இழந்து அடுத்த நான்கையும் வென்றார். இரண்டிலும் தோற்ற கேமின் குறிப்பையும் அடுத்து வென்ற கேமின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வீஸ் இடம், ரிசீவ் வகை, நிற்கும் தூரம் என்று மூன்று கட்டங்களை மட்டும் ஒப்பிட்டாலே போதும்.

ஹைலைட்ஸ் பார்த்தால் போதாதா?

போதாது. அதில் நீண்ட ரேலிகளைத்தான் கோத்திருப்பார்கள். ரிசீவ் நெட்டில் விழுந்த புள்ளிகளை வெட்டியிருப்பார்கள். பாணியைச் சொல்பவை அந்த வெட்டப்பட்ட புள்ளிகளே.

பார்த்ததை என் ஆட்டத்தில் எப்படிக் கொண்டுவருவது? முயன்றால் சொதப்புகிறது.

பெரும்பாலும் அடியைக் காப்பியடிக்கப் பார்ப்பதால்தான் சொதப்புகிறது. மா லோங்கின் ஃபோர்ஹேண்டைக் கையால் நகலெடுக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் கால்கள் செய்த இரண்டு வேலைகளும் உங்களிடம் இருக்காது. பந்து உடம்புக்கு மிக நெருக்கமாக வந்துவிடும், கையை மடக்கி அடிப்பீர்கள், வெளியே போகும்.

எடுக்கக்கூடியவை மூன்று: சர்வீஸ் வைக்கும் இடம், சர்வீஸ் போட்டதும் தயார்நிலைக்கு வரும் பழக்கம், மூன்றாவது பந்தை எங்கே அடிப்பது என்ற முடிவு. இவற்றுக்கு அசாத்திய உடல்பலம் தேவையில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு கோவையை மட்டும் எடுங்கள். உதாரணமாக, நடுவில் குட்டை பேக்ஸ்பின் சர்வீஸ், பேக்ஹேண்டுக்கு வரும் நீளமான புஷ், எதிராளியின் முழங்கைக்கு லூப். துணைக்கு ஒருவரை நிறுத்தி அதே ரிசீவை முதலில் இருபது முறை தரச் சொல்லுங்கள். பிறகு அவர் விருப்பப்படி நெட்டருகே தொட்டு வைக்கவும் அனுமதியுங்கள். தொட்டு வைத்த பந்துக்கு உங்கள் கால் முன்னே வராமல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டால், மறுபடி வீடியோவுக்குப் போய் அந்த ஆட்டக்காரர் சர்வீஸ் முடிந்த கணத்தில் எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.